குழம்பின் மேல் பழி வேண்டாம்

நம்ம சமையலுக்கு டிஷ்வாஷர் சரிப்படாது என்பது தமிழ்நாட்டு நடுத்தரக் குடும்பங்களில் ஏறக்குறைய தீர்ப்பாகவே ஆகிவிட்டது. வாங்காதவர்கள் சொல்கிறார்கள். வாங்கிச் சில மாதம் ஓட்டிவிட்டு, இப்போது அதற்குள் பிளாஸ்டிக் டப்பாக்களை அடுக்கி வைத்திருப்பவர்கள் இன்னும் அழுத்தமாகச் சொல்கிறார்கள். காரணங்களும் தயாராக இருக்கின்றன. நாம் எண்ணெய் தாராளமாக ஊற்றுகிறோம், தாளிக்கிறோம், புளி கரைக்கிறோம். பால் பொங்கி அடிப்பிடிக்கிறது. அதனால் பிசுக்கு போகாது. போக வேண்டுமென்றால் முதலில் கையால் கழுவிவிட்டு உள்ளே வைக்க வேண்டும். அப்படி வைத்தாலும் வெளியே எடுக்கும்போது ஈரம் சொட்டுகிறது, டம்ளரில் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது. இதற்கு எதற்கு நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் செலவு?

இவர்கள் கண்டது எல்லாம் உண்மை. பிசுக்கு உண்மை, ஈரம் உண்மை, வெள்ளைப் படிவும் உண்மை. சொல்லும் காரணம்தான் தவறு. காரணம் தவறாக இருப்பது சின்ன விஷயமும் அல்ல. "சாம்பார்தான் காரணம்" என்று முடிவு கட்டிவிட்டால் மேற்கொண்டு செய்ய எதுவுமில்லை. சாம்பாரை விட முடியாது, ஆகவே மெஷினை விட வேண்டும். அப்புறம் அந்தப் பாத்திரங்கள் எல்லாம் யார் கைக்குத் திரும்பிப் போகின்றன என்பது எல்லோருக்கும் தெரியும். 2019இல் தேசிய புள்ளியியல் அலுவலகம் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிடுகிறார்கள் என்றும், வீட்டு வேலையில் கை வைக்கும் ஆண்கள் 97 நிமிடம் செலவிடுகிறார்கள் என்றும் தெரியவந்தது. மெஷின் சரிப்படாது என்று கூடத்தில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்பவர் பெரும்பாலும் சிங்க் முன்னால் நிற்பவர் அல்ல. அதனால்தான் இந்த வாதத்தைச் சும்மா விட மனமில்லை.

முதலில் சமையலையே எடுத்துக்கொள்வோம். ஐரோப்பாவில் டிஷ்வாஷரைச் சோதிக்க ஒரு தரநிலை இருக்கிறது. அதில் தட்டுகளில் எதைப் பூசுகிறார்கள் தெரியுமா? முட்டை மஞ்சள் கரு, ஓட்ஸ் கஞ்சி, கொத்துக்கறி, பசலைக்கீரை, மார்கரின், பால், தேநீர். பூசிவிட்டு உடனே கழுவுவதில்லை. நன்றாகக் காய்ந்து இறுகிய பிறகுதான் கழுவுகிறார்கள். காய்ந்த முட்டைக் கருவையும் காய்ந்த ஓட்ஸையும் கையால் தேய்த்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மதியம் சாப்பிட்ட வத்தக்குழம்புத் தட்டு அதற்குப் பக்கத்தில்கூட வராது. வெள்ளைக்காரர்கள் ரொட்டியும் இலையும் மட்டும் சாப்பிடுகிறார்கள், அவர்கள் தட்டைத் துடைத்தாலே போதும் என்பது நாமாகக் கட்டிக்கொண்ட கற்பனை. சீஸை அடுப்பில் வைத்து மொறுமொறுவென்று கருக்கிச் சாப்பிடும் வீடுகளில்தான் இந்த மெஷின் வளர்ந்தது.

எண்ணெய் விஷயம் இன்னும் நேர் எதிர். நம் கை தாங்கும் வெந்நீரின் சூடு 45 டிகிரிக்குள் அடங்கிவிடும். மெஷினின் கடுங்கழுவல் புரோகிராம் 70 டிகிரி வரை போகும். அந்தச் சூட்டில் நெய், டால்டா, தேங்காய் எண்ணெய் எதுவும் கெட்டியாக ஒட்டிக்கொண்டிருக்க முடியாது. டிஷ்வாஷர் டிடர்ஜென்ட் கடும் காரத்தன்மை கொண்டது; கையில் பட்டால் தோல் உரியும் என்பதால் கைகழுவும் சோப்பில் அந்த அளவு காரம் வைக்கவே முடியாது. கூடவே மாவுப்பொருளை அறுக்கும் அமைலேஸ், புரதத்தை அறுக்கும் புரோட்டியேஸ் என்ற நொதிகளும் அதில் இருக்கின்றன. தோசை மாவு காய்ந்த கரண்டியும் பால் ஆடை ஒட்டிய பாத்திரமும் இந்த நொதிகளுக்கென்றே அமைந்த வேலை. ஆக, எண்ணெய்ப் பிசுக்கைப் பொறுத்தவரை நம் ஊர்ச் சமையலுக்கு மெஷின் பொருந்தாமல் போக வழியே இல்லை. நம் ஊர்த் தண்ணீருக்குத்தான், நாம் அதைக் கவனிக்காத வரை, பொருந்தாது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். புகார்களில் பெரும்பகுதிக்கு மூலம் இங்கேதான் இருக்கிறது.

சென்னையின் தெற்குப் புறநகர்களில் போர் தண்ணீரில் குளிப்பவர்களுக்கு உப்புத் தண்ணீர் என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டாம். பக்கெட் ஓரம் வெள்ளை வளையம் கட்டும், கீஸர் காயில் கல்லாகிவிடும், ஷவர் துளை அடைத்துக்கொள்ளும். தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் செய்யும் வேலை அது. குடிநீருக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 10500, கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. பல ஊர்களில் போர் தண்ணீர் அந்த இரண்டாவது எல்லையையும் தாண்டுகிறது. இந்தத் தண்ணீரை அப்படியே சூடாக்கினால் கால்சியம் பாத்திரத்தின் மேல் படிகிறது. அதோடு டிடர்ஜென்டின் பலத்தில் ஒரு பங்கையும் அது முழுங்கிவிடுகிறது. எண்ணெயைப் பிடிக்க வேண்டிய மருந்து கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். அதனால்தான் தட்டு ஒரே நேரத்தில் பிசுக்காகவும் வெள்ளையாகவும் வருகிறது. வீட்டில் இதைப் பார்த்து "சோப்பு சரியா போகலை" என்கிறார்கள், அடுத்த முறை சோப்பைக் குறைக்கிறார்கள், பிசுக்கு கூடுகிறது.

இதற்கு விடையை மெஷினுக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். அடியில், ஃபில்டருக்குப் பக்கத்தில், ஒரு பெரிய திருகு மூடி இருக்கும். அதற்குக் கீழே தண்ணீரை மென்மையாக்கும் ரெசின் பகுதியும் உப்பு போடும் தொட்டியும் இருக்கின்றன. ரெசின் மணிகள் தண்ணீரிலிருந்து கால்சியம், மெக்னீசியத்தை வாங்கிக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கும். கொடுத்துக் கொடுத்து சோடியம் தீர்ந்ததும் உப்புக் கரைசல் அந்த மணிகள் மேல் ஓடி, பிடித்த கால்சியத்தைக் கழுவி வெளியே தள்ளி, மறுபடி தயாராக்கும். அந்த உப்பு பாத்திரத்தில் படுவதற்கல்ல, ரெசினுக்காக. இது தெரியாமல்தான் "பாத்திரம் கழுவ உப்பு எதுக்கு?" என்று கேட்டுவிட்டு அந்த மூடியைத் திறக்காமலே விட்டுவிடுகிறார்கள்.

மேடவாக்கம் பக்கம் என் சித்தி வீட்டில் இந்தக் கதை அச்சு அசலாக நடந்தது. எவர்சில்வர் டம்ளர் எல்லாம் சுண்ணாம்பு பூசினாற்போல வந்துகொண்டிருந்தன. உப்பு தீர்ந்தால் எரியும் விளக்கு எரிகிறதா சித்தி என்று கேட்டேன். "ஆரம்பத்துல எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சுப்பா, சர்வீஸ்காரர் வந்து அணைச்சு விட்டுட்டார்" என்றார். அணைத்த விதம்தான் கொடுமை. தண்ணீரின் கடினத்தன்மை எவ்வளவு என்று மெஷினுக்குச் சொல்லும் அமைப்பைப் பூஜ்ஜியத்தில் வைத்திருக்கிறார். சில மெஷின்களில் பூஜ்ஜியம் வைத்தால் தண்ணீர் ஏற்கெனவே மென்மையானது என்று எடுத்துக்கொண்டு மென்மையாக்கும் வேலையை மெஷின் நிறுத்திவிடும், விளக்கும் எரியாது. போர் தண்ணீர் வரும் வீட்டில்! வெள்ளை படிந்த டம்ளர் ஒன்றை எடுத்து அரை எலுமிச்சம்பழத்தை உள்ளே தேய்த்துக் காட்டினேன். தேய்த்த இடம் மட்டும் பளிச்சென்று வந்தது. எலுமிச்சைக்குப் போனால் அது கால்சியம் படிவு. எலுமிச்சைக்கும் வினிகருக்கும் போகாத மங்கல் கண்ணாடியில் இருந்தால் அது வேறு வியாதி. கண்ணாடியே அரித்துப் போயிருக்கிறது, மென்மையான தண்ணீரில் டிடர்ஜென்டை அள்ளிப் போடும் வீடுகளில் வருவது, அதற்கு மருந்து கிடையாது.

இங்கே இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். "எங்க வீட்ல டி.டி.எஸ். பார்த்துட்டோம், நல்லாத்தான் இருக்கு" என்பார்கள். டி.டி.எஸ். கருவி தண்ணீரில் கரைந்திருக்கும் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் காட்டும். அதில் கால்சியம் எவ்வளவு, சாதாரணச் சோடியம் எவ்வளவு என்று பிரித்துக் காட்டாது. டிஷ்வாஷருக்கு வேண்டியது கடினத்தன்மை அளவு. தண்ணீரில் நனைத்து நிறம் பார்க்கும் பட்டைகள் கிடைக்கின்றன, ஒரு நிமிட வேலை. பெரும்பாலான கையேடுகள் ஜெர்மன் டிகிரியில் கேட்கும்; ஒரு ஜெர்மன் டிகிரி என்பது லிட்டருக்கு 17.8 மில்லிகிராம். 600 மில்லிகிராம் தண்ணீர் என்றால் கிட்டத்தட்ட 34 டிகிரி. "எல்லாம் சேர்ந்த டேப்லெட்தான் போடுறோம், உப்பு தேவையில்லைன்னு அட்டையிலயே போட்டிருக்கே" என்பவர்களுக்கும் இந்தக் கணக்குதான் பதில். அந்த வகை டேப்லெட்டுகள் ஏறக்குறைய 21 டிகிரி வரைதான் தாக்குப்பிடிக்கும் என்று மெஷின் கையேடுகளே சொல்கின்றன. அதாவது லிட்டருக்கு 375 மில்லிகிராம். அதற்கு மேல் உப்பு போட்டே ஆக வேண்டும். போடும் உப்பும் டிஷ்வாஷருக்கென்று விற்கும் பெரிய பருக்கை உப்பாக இருக்க வேண்டும். தூள் உப்பு கட்டிதட்டி அடைக்கும். கல்லுப்பில் மண்ணும் இருக்கும், எந்த மெக்னீசியத்தை வெளியேற்றப் பார்க்கிறோமோ அதுவும் இருக்கும்.

சென்னையில் ஒரு சிக்கல் கூடுதல். ஒரே வீட்டில் ஒரு மாதம் மெட்ரோ வாட்டர், அடுத்த மாதம் லாரி, கோடையில் போர் என்று மாறி மாறி வரும். மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைச் சுத்திகரித்து வரும் தண்ணீர் மென்மையானது. லாரித் தண்ணீர் எந்தக் கிணற்றிலிருந்து வந்தது என்பதைப் பொறுத்தது. ஜனவரியில் பளபளத்த பாத்திரம் மே மாதம் மங்கினால் சமையல் மாறவில்லை, தொட்டியில் விழும் தண்ணீர் மாறியிருக்கிறது. அமைப்பை மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்த வாதம்: "முதல்ல கழுவித்தானே வைக்க வேண்டியிருக்கு." இல்லை. வழித்துப் போட வேண்டும், கழுவ வேண்டியதில்லை. இரண்டுக்கும் இடையில் மலையளவு வித்தியாசம் இருக்கிறது. இன்றைய மெஷின்கள் பலவற்றில் கழுவிய தண்ணீர் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று ஒளியைச் செலுத்திப் பார்க்கும் சென்சார் இருக்கிறது. ஆட்டோ புரோகிராமில் அது சொல்வதைக் கேட்டுத்தான் மெஷின் நேரத்தையும் தண்ணீரையும் முடிவு செய்கிறது. பத்துத் தட்டைக் குழாயில் காட்டிச் சுத்தமாக வைத்துவிட்டு, நடுவில் அடிப்பிடித்த ஒரே ஒரு வாணலியையும் வைத்தால், தண்ணீர் தெளிவாக இருப்பதைப் பார்த்து மெஷின் சீக்கிரம் முடித்துக்கொள்ளும். வாணலி அப்படியே இருக்கும். கழுவி வைத்ததால் கெட்ட கழுவல் அது.

வழிக்கும் வேலையை மட்டும் நம் வீடுகளில் ஒழுங்காகச் செய்ய வேண்டும். நம் சமையலுக்கென்று ஒரு தனிப் பிரச்சினை உண்டென்றால் அது கடுகு. எண்ணெயும் புளியும் கரைந்து போய்விடும், கடுகு கரையாது. கறிவேப்பிலைக் காம்பு கரையாது, புளிக்கோது கரையாது, வெண்டைக்காய் விதை கரையாது. அடியில் இருக்கும் உருளை ஃபில்டரைத் திருகி எடுத்துப் பாருங்கள். வாரக்கணக்கில் எடுக்காத ஃபில்டரில் வழவழவென்று சாம்பல் நிறத்தில் ஒரு படலம் இருக்கும், வலைக் கண்களில் கடுகு ஒவ்வொன்றும் பதித்து வைத்தாற்போல உட்கார்ந்திருக்கும். ஃபில்டரைச் சரியாகப் பூட்டாமல் ஓட்டினால் அவை அதைத் தாண்டி மேலே போகும். சுழலும் ஸ்ப்ரே ஆர்மைக் கழற்றிக் காதருகே ஆட்டினால் உள்ளே கலகலவென்று சத்தம் கேட்கும். தண்ணீர் பீறிட வேண்டிய துளைகளை உள்ளிருந்து கடுகு அடைத்திருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு துளையாகப் பார்த்து ஊக்கால் குத்தி எடுத்துவிட்டால் மெஷினுக்குப் பாதி உயிர் திரும்பிவிடும். வாரத்துக்கு ஒருமுறை ஃபில்டர், மாதத்துக்கு ஒருமுறை ஆர்ம். கிரைண்டர் கழுவுவதைவிட இது லேசான வேலை.

அடுக்கும் முறையில் எதிர்த்தரப்புக்கு ஓரளவு நியாயம் இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. அந்த ரேக்குகளை வடிவமைத்தவர்கள் மனதில் இருந்தது தட்டையான தட்டும் காம்பு வைத்த கண்ணாடிக் குவளையும்தான். நம் அடுக்களையில் இருப்பவை ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் குண்டுப் பாத்திரங்கள், தூக்கு, இட்லித் தட்டு, நீளக் கரண்டி. முட்களை மடக்கி வைக்கும் ரேக் உள்ள மெஷினாகப் பார்த்து வாங்காவிட்டால் கஷ்டம்தான். ஆனாலும் விதி ஒன்றே ஒன்று: தண்ணீர் கீழிருந்து வருகிறது, அது நேராகப் படாத இடம் கழுவப்படாது. குழம்புப் பாத்திரத்துக்குள் கிண்ணத்தைக் கவிழ்த்தால் இரண்டும் கழுவப்படாது. இட்லித் தட்டுகளைக் கம்பியிலிருந்து பிரிக்காமல் வைத்தால் குழிகளில் மாவு அப்படியே இருக்கும். ஜல்லிக் கரண்டியின் காம்பு ரேக்குக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்தால் ஆர்ம் அதில் முட்டி நின்றுவிடும், ஒன்றரை மணி நேரமும் ஒரே மூலையில் தண்ணீர் அடித்துக்கொண்டிருக்கும். கதவை மூடுவதற்கு முன் ஆர்மை விரலால் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தால் போதும். டிடர்ஜென்ட் பெட்டியின் மூடிக்கு எதிரே பெரிய தட்டை நிறுத்தினால் மூடி திறக்காது; முடிவில் டேப்லெட் பாதி கரைந்து அங்கேயே ஒட்டிக்கொண்டிருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். பொடியாக இருந்தால் நம் கடலோர ஈரக்காற்றில் அது கட்டிதட்டி வீரியம் இழப்பதும் உண்டு. கையால் பாத்திரம் கழுவும் திரவத்தை ஒருபோதும் ஊற்றக் கூடாது. நுரை பொங்கி, பம்ப் தண்ணீருக்குப் பதில் காற்றை இழுக்கத் தொடங்கிவிடும்.

எந்தப் புரோகிராமில் ஓட்டுகிறோம் என்பதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. ஹென்கெல் நிறுவனத்தில் வேலை பார்த்த ஹெர்பர்ட் சின்னர் என்ற வேதியியலாளர் 1959இல் கழுவுதலின் நான்கு அங்கங்களை வகுத்துச் சொன்னார்: மருந்து, சூடு, விசை, நேரம். ஒன்றைக் குறைத்தால் இன்னொன்றைக் கூட்டியே ஆக வேண்டும். ஈகோ புரோகிராம் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடுவதைப் பார்த்து "கரண்ட் எவ்வளவு இழுக்குமோ" என்று பயந்து முப்பது நிமிடக் குவிக் வாஷை அழுத்துகிறார்கள். ஈகோ நேரத்தைக் கூட்டிச் சூட்டைக் குறைக்கிறது. கரண்டைத் தின்பது சூடுதான், நேரம் அல்ல. குவிக் வாஷ் நேரத்தையும் குறைக்கிறது, பெரும்பாலும் சூட்டையும் குறைக்கிறது. தண்ணீர் குடித்த டம்ளருக்கும் டீ குடித்த கப்புக்கும் வைத்தது அது. மட்டன் வறுத்த வாணலியைக் குவிக் வாஷில் போட்டுவிட்டு மெஷினைத் திட்டுவது எந்த வகையிலும் நியாயமில்லை. அதற்கு 70 டிகிரி புரோகிராம் இருக்கிறது, இந்தியாவில் விற்கும் சில மெஷின்களில் கடாய்க்கென்றே ஒரு பட்டன் வைத்திருக்கிறார்கள்.

இப்போது ஈரம். நம் ஊரில் விற்கும் பெரும்பாலான மெஷின்களில் பாத்திரத்தைக் காயவைக்க விசிறியோ ஹீட்டரோ தனியாகக் கிடையாது. கடைசி அலசலில் பாத்திரம் நன்றாகச் சூடேறும், அந்தச் சூட்டிலேயே மேலிருக்கும் நீர் ஆவியாகும், ஆவி குளிர்ந்த உட்சுவரில் பட்டு வழிந்து வடிகாலுக்குப் போகும். இதைப் புரிந்துகொண்டால் எது காயும் எது காயாது என்பது தானே விளங்கிவிடும். பீங்கானும் கனமான எவர்சில்வரும் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும், காயும். டிபன் டப்பாவின் பிளாஸ்டிக் மூடியால் அது முடியாது, எந்த நாட்டு மெஷினிலும் அது ஈரமாகத்தான் வரும். டம்ளரைக் கவிழ்த்தால் அடிப்பாகத்து விளிம்புக்குள் குளம் கட்டும்; சற்றுச் சாய்த்து வைத்தால் வழிந்துவிடும். மேல் ரேக்கை முதலில் இழுத்தால் அந்தக் குளம் எல்லாம் கீழே காய்ந்திருக்கும் தட்டுகள் மேல் கொட்டும். அதனால் கீழ் ரேக்கைத்தான் முதலில் காலி செய்ய வேண்டும்.

அதைவிட முக்கியம், கடைசி அலசலில் சேரும் ரின்ஸ் எய்ட். இதை வாசனைத் திரவம் என்றோ, கம்பெனிக்காரன் காசு பிடுங்கும் வழி என்றோ நினைத்து வாங்காமல் விடுகிறார்கள். அது தண்ணீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்கிறது. முத்து முத்தாக நிற்க வேண்டிய நீர் மெல்லிய படலமாகப் பரவி வழிந்துவிடுகிறது. முத்தாக நின்று காய்ந்தால்தான் புள்ளி புள்ளியாகக் கறை விழும். கடின நீர் ஊர்களில் ரின்ஸ் எய்ட் போடாமல் ஓட்டுவது பாதி வேலையில் விட்டுவிட்டு எழுந்து போவதற்குச் சமம். கடலோர ஊர்களின் புழுக்கத்தில் இன்னொன்றும் செய்ய வேண்டியிருக்கிறது. ஓட்டம் முடிந்து கொஞ்ச நேரம் கழித்துக் கதவை ஒரு சாண் திறந்து வைக்க வேண்டும். தானே கதவைத் திறந்துகொள்ளும் மெஷின்கள் வந்திருப்பதே இந்தக் காரணத்துக்காகத்தான்.

மாடி வீட்டுக்காரர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. பல மெஷின்களுக்குக் குழாயில் குறைந்தது 0.5 பார் அழுத்தம் வேண்டும். பத்து மீட்டர் உயரத் தண்ணீர் ஒரு பார் அழுத்தம் தரும். மொட்டை மாடித் தொட்டிக்கு நேர் கீழே இருக்கும் கடைசித் தளத்து வீட்டில் தொட்டிக்கும் சமையலறைக் குழாய்க்கும் மூன்று, நான்கு மீட்டர்தான் இடைவெளி. மெஷின் போதிய தண்ணீர் நிரம்பாமல் திணறும், நடுவில் நிற்கும், பிழை எண் காட்டும். கீழ்த்தளத்தில் அதே மாடல் குறையில்லாமல் ஓடும். சர்வீஸுக்கு வரும் ஆள் "போர்டு போயிடுச்சு, மாத்தணும்" என்று பல ஆயிரம் ரூபாய்க்குக் கணக்குச் சொல்வதற்கு முன் அழுத்தத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். சின்ன பிரஷர் பம்ப் ஒன்று போதும்.

எது உள்ளே போகக் கூடாது என்பதிலும் ஒளிவுமறைவு வேண்டாம். அலுமினியம், ஹிண்டாலியம் காரத்தில் கறுத்துப் போகும். இரும்பு தோசைக்கல், பித்தளை, வெண்கலப் பானை, கல்சட்டி, மண்சட்டி, மரக்கரண்டி எல்லாம் வெளியேதான். நான்-ஸ்டிக்கும் நாளடைவில் கெடும். மஞ்சள் கறை பிடித்த வெள்ளை பிளாஸ்டிக் டப்பா மெஷினில் வெளுக்காது; கையால் தேய்த்தாலும் வெளுக்காது. மஞ்சளின் நிறம் எண்ணெயில் கரையும், தண்ணீரில் கரையாது. அதை வெளுக்க வெயில்தான் எளிய வழி. சரி, இவ்வளவையும் கழித்தால் ஒரு நாளில் மிச்சமென்ன? எவர்சில்வர் தட்டு, டம்ளர், கிண்ணம், டபரா, குழம்புப் பாத்திரம், பால் பாத்திரம், மிக்சி ஜாடி மூடி, கரண்டிகள். சிங்க்கை நிரப்புவது இவைதானே?

தண்ணீர்க் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியின் போன் பல்கலைக்கழகத்தில் ரெய்னர் ஷ்டாமிங்கர் குழு ஐரோப்பியர்களைக் கையால் கழுவ வைத்து அளந்தபோது, ஒரு மெஷின் கொள்ளளவுப் பாத்திரங்களுக்குச் சராசரியாக நூறு லிட்டர் செலவானது. மெஷினுக்கு அதில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான் ஆனது. அந்த நூறு லிட்டர் கணக்கை நம் ஊருக்கு அப்படியே கொண்டுவர மாட்டேன். வாளியும் சொம்பும் வைத்துக் கழுவும் பெண் அவ்வளவு செலவழிக்க மாட்டார். குழாயைத் திறந்துவிட்டுக் கழுவும் அபார்ட்மென்ட் வீட்டில், பத்து லிட்டர் சொச்சத்தில் முடிக்கும் மெஷின் தண்ணீரை வீணடிக்கிறது என்று சொல்ல மட்டும் யாருக்கும் இடமில்லை.

வேலைக்கு வரும் அம்மாவின் பிழைப்பு என்னாகும் என்று கேட்பவர்கள் உண்டு. அக்கறையோடு கேட்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன். ஐந்தாறு வீட்டுப் பாத்திரம் தேய்த்து விரலிடுக்கு வெந்து, நகம் சொத்தையாகி நிற்கும் கைகளைப் பார்த்தவர்கள், அந்தக் கைகளுக்கு அந்த வேலை நிரந்தரமாக இருக்கட்டும் என்று வாதாட மாட்டார்கள். அவருக்குத் தரும் சம்பளத்தைக் குறைக்காமல், ஈரத்தில் நிற்கும் நேரத்தைக் குறைக்கலாம். 2020 ஊரடங்கில் வேலைக்கு ஆள் வர முடியாமல் போனதும் டிஷ்வாஷர் தேடி ஓடியவர்கள் நம்மில் ஏராளம். அப்போது அவசரமாக வாங்கியவை இன்று ஓரத்தில் கிடப்பதற்கும் காரணம், எப்படி ஓட்டுவது என்று யாரும் உட்கார்ந்து சொல்லித்தராததுதான்.

வீட்டு வசதி பொருந்தாததால் மெஷின் ஒதுக்கப்படுவது புதிதும் அல்ல. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஜோசஃபின் காக்ரன் என்ற பெண் 1886இல் காப்புரிமை பெற்ற மெஷின் 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் ஓடியது. ஓட்டல்கள் வாங்கின, வீடுகள் வாங்கவில்லை. அது வேண்டும் அளவுக்கு வெந்நீர் அன்றைய வீடுகளில் இல்லை. வெந்நீர் வசதி வந்தபின் அதே அடிப்படையில் அமைந்த மெஷின்கள் வீடுகளுக்குள் நுழைந்தன. நம் வீடுகளில் இல்லாதது வெந்நீர் அல்ல, மெஷினே சுட வைத்துக்கொள்கிறது. இல்லாதது தண்ணீரின் கடினத்தன்மையைப் பற்றிய ஒரு எண்.

அந்த எண்ணைக் கண்டுபிடிப்பது வாங்கியவரின் பொறுப்பாக இருக்கவே கூடாது. மெஷினைப் பொருத்த வரும் ஆள் குழாய் மாட்டி, பிளக் சொருகி, டெமோ ஓட்டிக் காட்டிவிட்டுப் போவதோடு வேலை முடிந்ததாக விற்பவர்கள் நினைக்கிறார்கள். பொருத்தும் அன்றே கடினத்தன்மை காட்டும் பட்டையைத் தண்ணீரில் நனைத்து அளக்க வேண்டும், அந்த அளவுக்கு மெஷினை அமைக்க வேண்டும், அளவை வாரன்ட்டி அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், தண்ணீர் மாறினால் எந்தப் பட்டனை எத்தனை முறை அழுத்த வேண்டும் என்று வீட்டில் பாத்திரம் கழுவுகிறவரிடம், அவர் யாராக இருந்தாலும் அவரிடம், தமிழில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். வாங்கும்போதே இதைக் கேளுங்கள். செய்ய மாட்டோம் என்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.